முன்சக்கரக்காரர்

சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பல வகை உண்டு. வேலைக்குப் போக ஓட்டுகிறவர், டாக்டர் பயமுறுத்தியதால் ஓட்டுகிறவர், பெட்ரோல் விலை ஏறிய வாரம் மட்டும் ஓட்டுகிறவர். இவர்களெல்லாம் சாதுக்கள். இவர்களை விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது இன்னோர் இனம். விடுமுறை நாட்களில் மட்டும் வெளியே தென்படும். உடம்பைக் கவ்விப் பிடிக்கும் மினுமினுப்பான சட்டையும், வெட்டுக்கிளியின் கண்ணைப் போன்ற கண்ணாடியும், தலையில் ஓட்டை ஓட்டையான ஹெல்மெட்டுமாக, "நிம்மதியைத் தேடிப் போறேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பும். எத்தனை பேர் சேர்ந்து போனாலும் தன் சைக்கிளின் முன்சக்கரம்தான் எல்லாருக்கும் முன்னால் உருள வேண்டும் என்பது அதன் பிறவிக்குணம். ஆகவே இதற்கு முன்சக்கரக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தை ஆராய நான் காடுமேடெல்லாம் அலையவில்லை. என் அக்காவுக்கே ஒன்றைக் கட்டிவைத்திருந்தோம்.

அத்தானுக்குச் சரக்கு லாரிகளை நேரம் தவறாமல் அனுப்பி வைக்கும் அலுவலகத்தில் மேலாளர் வேலை. நாளெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்கய்யா நிக்கிற, ஏன்யா நிக்கிற" என்று கேட்பதுதான் உத்தியோகம். நிற்பது என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு குற்றம். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வாகனமே இல்லாத பாதை ஒன்று இருப்பதாகத் தெரிய வந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட பழைய ரயில் பாதையாம். காடடர்ந்த மலைகளைச் சுற்றிச் சுற்றி, மலையைக் குடைந்த ஒரு குகைக்குள் நுழைந்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஆற்றங்கரை ஊர் வரை இறங்குமாம். காரும் கிடையாது, லாரியும் கிடையாது, பெட்டிகளை ஒரு வேன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமாம், திரும்பும்போது ஆட்களையும் அதுவே ஏற்றிக்கொண்டு வந்துவிடுமாம். அன்றிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சில்லை. முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரிடம், வாயைத் திறந்த நிலையிலேயே சொன்னார்.

ஆயத்தங்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எடை குறைந்தால் ஏற்றத்தில் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துக் குறைத்தார். சீப்பையும் அறுத்தார். அந்தப் பிரஷ்ஷும் சீப்பும் போகப் போவது வேனில். அதை எடுத்துச் சொன்னதற்கு, "உனக்குப் புரியாது மச்சான், இது ஒரு ஒழுக்கம்" என்றார்.

அக்காவுக்கு ஒழுக்கமெல்லாம் இல்லை. பயண விளம்பரத் தாளிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். காடு முடிந்து திராட்சைத் தோட்டம் தொடங்குகிற வளைவு, ஒரு பெரிய மரம், மரத்தடியில் ஒரு பெஞ்ச், கீழே பள்ளத்தாக்கு. அவ்வளவுதான். அவளுக்கு முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் சைக்கிள் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எனக்கு மலையும் வேணாம், ஆறும் வேணாம்டா தம்பி. இந்த பெஞ்சுல அவரோட கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். அவரு சும்மா உக்காந்து நான் பார்த்ததே இல்ல."

இந்த ஆசையை அத்தானிடமும் சொன்னாள். "தாராளமா" என்றார். முன்சக்கரக்காரர் எதையும் மறுப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாராளமாக ஒப்புக்கொள்வார். அதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

வாகனமில்லாத பாதைக்கு அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் இவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? வாகனமானார். நடந்துபோன கிழத் தம்பதியை மணியடித்து ஓரங்கட்டினார். பின்னால் நானும் அக்காவும் தவிர ஈ காக்கை இல்லாத இடத்தில் கையை நீட்டி, இதோ வளையப் போகிறேன் என்று சைகை காட்டினார். வளையாமல் போக அங்கே வேறு வழியே கிடையாது. கைப்பிடியில் சின்னத் திரை ஒன்றைப் பொருத்தியிருந்தார். அது வேகம் சொல்லும், இதயத்துடிப்பு சொல்லும், எல்லாவற்றுக்கும் மேலாக அன்றைய சராசரி வேகத்தைச் சொல்லும். நின்றால் சராசரி இறங்கும். ஆகவே அவர் நிற்கவில்லை. மரங்களின் நிழல் பாதையில் விழுந்து கிடந்தது, ஏதோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது, குகைக்குள் சுவரில் நீர் கசிந்து குளிர்ந்தது. அத்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குகை இருட்டில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்று மகிழ்ந்தார்.

குகை முடிந்தது. காடு முடிந்தது. வளைவு வந்தது.

படத்தில் இருந்ததைவிட மரம் பெரிது. கொடிகள் வகிடெடுத்துச் சீவிய தலைமுடி போல வரிசை வரிசையாகச் சரிவில் இறங்கின. பெஞ்சில் யாரும் இல்லை.

"என்னங்க, அதோ அந்த பெஞ்ச்."

"பார்த்தேன், பார்த்தேன்."

"கொஞ்சம் நில்லுங்களேன்."

"இப்பத்தான் இறக்கமே வருது. இங்க விட்டா சராசரியைப் பிடிக்க முடியாது. திரும்பி வரும்போது உக்காந்துக்கலாம்."

"திரும்பி எங்க வர்றோம்? வேன்லதானே போறோம், ரோட்டு வழியா?"

கேட்பதற்கு அவர் அங்கே இல்லை. சரிவில் மணிச்சத்தம் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அவரு போகட்டும்க்கா. நாம உக்காருவோம்" என்றேன்.

அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். "உன்கூட உக்கார்றதுக்கு வீட்டு வாசப்படி போதுமேடா" என்று சிரித்தாள். "கல்யாண போட்டோவுலயே ஒரு அடி முன்னாடி போய் நின்ன மனுஷன். எனக்குப் பாதி முகம்தான் விழுந்துச்சு. வா, போலாம். இல்லன்னா எங்க காணோம், எங்க காணோம்னு ஏறி வந்து உயிரை எடுப்பாரு." பெஞ்சின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு சைக்கிளை நகர்த்தினாள்.

கீழே ஆற்றங்கரை ஊரில் வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் இல்லை. சாயங்காலம்தான் வரும். அது சாயங்காலம்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும், பயணத் திட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய அத்தானுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் முன்சக்கரக்காரர் முன்னதாகவே போய்ச் சேருவார். எதற்கு என்று கேட்காதீர்கள், சேருவதற்காகத்தான். அது லாரிகள் நிறுத்தும் இடம். ஒரு பக்கம் டீசல் புகை, இன்னொரு பக்கம் மூடி உடைந்த குப்பைத் தொட்டிகள். நடைபாதை விளிம்பில் மூன்று பேரும் வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

"உக்காரணும் உக்காரணும்னு சொன்னியே" என்றார் அத்தான், திரையை அக்காவிடம் காட்டியபடி. "இப்ப நல்லா உக்காரு. சராசரி எவ்வளவு வந்திருக்கு பாரு."

அக்கா எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள்.

அடுத்த வருஷம் சைக்கிள் ஏற முடியாது என்று டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அவர் முழங்காலை மட்டும்தான் பார்த்திருந்தார். குளிர்காலத்தில் படுத்த அக்கா, அடுத்த கோடையைப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது. அத்தானின் அலுவலகத்திலிருந்து சிலர், பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மாள், பல் டாக்டர். நான் எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படம் கதவோடு வந்து வந்து போயிற்று. அதைப் பார்த்துவிட்டுத் தையற்கார அம்மாள், "இது எந்த இடம், இவ்வளவு அழகா இருக்கு?" என்று கேட்டார்.

அத்தான் எழுந்து வந்தார். கதவருகே நின்று படத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"இந்த பெஞ்சுலதான் நானும் அவளும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். ஒண்ணும் பேசல. சும்மா கீழ பார்த்துக்கிட்டே இருந்தோம். அவளுக்கு எழுந்திரிக்கவே மனசில்ல. இல்லயா மச்சான்?"

கூடமே என்னைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் கொடுமை. திரும்பி வரும் வழியே இல்லாத பாதையில் திரும்பி வந்து, அந்தப் பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் அவளுக்கு முன்னால்.

"ஆமா அத்தான்" என்றேன். "நல்ல காத்து."

"கொடுத்து வச்சவ" என்று தையற்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் இந்நேரம் உங்கள் சித்தப்பாவையோ, மாமனாரையோ, மாடி வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியே அவர்தான், அச்சு அசல் என்பீர்கள். நல்லது. உங்களிடம் சைக்கிள் இல்லை. வெட்டுக்கிளிக் கண்ணாடி இல்லை. பிரஷ்ஷின் கைப்பிடி முழுசாகவே இருக்கிறது. ஆனால் முன்சக்கரக்காரராக இருக்கச் சைக்கிள் அவசியம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. சற்று முன்னால், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கண்ணை எடுக்காமல், "இதை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றீர்கள்.

முடிந்துவிட்டது. எழுந்து போங்கள்.