புதன்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை

“நாப்பத்தொண்ணுல பத்து போனா எவ்ளோ?” என்று கேட்டார் தினகரன்.

“முப்பத்தொண்ணு சார்,” என்றாள் பரிமளா.

“அது எனக்குத் தெரியாதா? அந்த முப்பத்தொண்ணையும் எங்க ஒளிக்கிறதுன்னு கேக்குறேன்.”

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் கிராமத்துக்குப் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்தது தினகரனின் நாய்ப்பண்ணை ‘இம்பீரியல் கென்னல்ஸ்’. வாசலில் இருபதடிப் பலகை. ‘நாய்களின் தந்தை டாக்டர் தினகரன்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கோட்டு சூட்டோடும் ஓர் அல்சேஷனோடும் அவர் படம். அந்த டாக்டர் பட்டம் சென்னை ஓட்டல் ஒன்றில் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தது.

பலகைக்குப் பின்னால் பழைய முட்டைக்கோழிக் கொட்டகை. கோழிகளை விற்ற நாய்களின் தந்தை, கூண்டுகளை விற்கவில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து வெல்டிங் வைத்து நாய்களை அடைத்துவிட்டார். பதிவுச் சான்றிதழ் பத்து நாய்களுக்கு. உள்ளே இருந்தவை நாற்பத்தொன்று. கம்பித் தரையில் நின்று நின்று பாதம் வெடித்தவை, நகம் வளைந்து சதைக்குள் இறங்கியவை, சொந்த மூத்திர நெடியில் கண் வெந்தவை. தந்தை அந்தப் பக்கம் போனால் மூக்கில் சென்ட் கைக்குட்டையை வைத்துக்கொள்வார். பாசத்தில் தொண்டை அடைக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

பதிவுச் சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்ற செய்தி பரிமளா மூலமாகத்தான் கசிந்தது. நான்கு வருடமாக அந்தக் கூண்டுகளைக் கழுவுகிறவள் அவள். அவளுடைய நாத்தனார் மகள் அந்த அலுவலகத்தில் பெருக்குகிறாளாம். புதன்கிழமை, காலை பதினோரு மணி, இரண்டு ஜீப்.

முறையாகக் கடிதம் வந்திருந்தால் தினகரன் சிரித்திருப்பார். கடிதம் யாருக்கும் வரும். ஆனால் அசல் சோதனை கசிந்துதான் வரும். பெருக்குகிற பெண், டீ வாங்கப் போகிறவர், ஜீப் டிரைவரின் மச்சான் என்று அதற்கு ஒரு பாதை உண்டு. அதிகாரிக்குப் போன் போட்டு “வர்றீங்களா?” என்று கேட்பது பெரிய மடத்தனம். கேட்டால் கசிந்தது தெரிந்துவிடும். அப்புறம் எதுவுமே கசியாது.

அதனால் அவர் கேட்கவில்லை.

“எங்க ஊர்ல வூட்டுக்கு ஒண்ணா கட்டி வெச்சுக்கலாம் சார்,” என்றாள் பரிமளா. “கேட்டா வூட்டு நாயின்னு சொல்லிக்கலாம்.”

“நாலு நாளைக்கு மேல ஆவாதே?”

“அவங்க வந்து போற வரைக்கும்தான சார்.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “அந்தப் பதினேழாம் நம்பர நான் வெச்சுக்கிறேன்.”

பதினேழாம் நம்பர் ஒரு மஞ்சள் லாப்ரடார். கொட்டகையில் எந்த நாய்க்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். வருடத்துக்கு ஓர் ஈற்றுதான் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பதினேழுக்கு இரண்டே வருடத்தில் நான்கு. முலைக்காம்பு கம்பியில் உரசிப் புண்ணாகி, ஈ மொய்த்துக்கிடந்தது. போன மாதமே அதைக் கேட்டாள் பரிமளா. “இன்னும் ரெண்டு ஈத்து தாங்கும்,” என்று சொல்லிவிட்டார் நாய்களின் தந்தை. அதற்கப்புறம் ஊசி போட்டு ஏரிப் பக்கம் புதைத்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

“வெச்சுக்கோ, வெச்சுக்கோ. புதன்கிழமை வரைக்கும்.”

பரிமளா நகரவில்லை.

“இன்னும் இன்னா?”

“ஒண்ணுமில்ல சார். கூலி வேலைக்குப் போறவங்க வூட்ல லாப்ரடாரு, பொமரேனியனுன்னு நின்னா, ஏது இதுன்னு கேக்க மாட்டாங்களா?”

“டாக்டர் தினகரன் அன்பளிப்பா குடுத்தாருன்னு சொல்லச் சொல்லு.”

“வாயால சொன்னா நம்புவாங்களா சார்?”

தினகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஒரு மேடை தெரிந்தது. மைக் தெரிந்தது. சால்வை தெரிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பரிமளாவின் ஊரான பெருநகரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பந்தல் போட்டு ‘மாபெரும் தத்தளிப்புப் பெருவிழா’ நடந்தது. தத்து அளிப்பதை அப்படிச் சேர்த்து எழுதியிருந்தார்கள். தன் செலவில் தனக்கே வாங்கிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினார் தினகரன். முப்பத்தொரு முத்திரைத்தாள்கள். ‘இந்த நாயை முழு மனதுடன், எந்தப் பிரதிபலனும் பாராமல், நிரந்தரமாக அளிக்கிறேன். இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதன்மேல் எந்த உரிமையும் இல்லை’ என்ற வாசகம் அவரே சொல்லிச் சொல்லி எழுதவைத்தது. வாரிசு என்ற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து, கட்டைவிரல் அளவுக்கு முத்திரை, ஒரு போட்டோ.

“என் பிள்ளைகளைப் பிரிகிறேன்!” என்று மைக்கில் குரல் கம்மச் சொன்னார்.

பிள்ளைகளில் ஒன்று பந்தல் காலில் மூத்திரம் போனது. மண்ணில் கால் வைத்ததே இல்லை என்பதால் பாதி நாய்களுக்கு நடக்கத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே தரையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பரிமளா சிரிக்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் தினகரன் கோட்டு சூட்டோடு வாசலில் நின்றார். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. வியர்வையில் கோட்டு, கோணிப்பையாகிவிட்டது. உத்திரமேரூர் பஸ் இரண்டு முறை போய் வந்தது. ஜீப் வரவில்லை.

“வெள்ளிக்கெயமைக்கு மாத்திட்டாங்களாம் சார்,” என்று ஓடிவந்தாள் பரிமளா. “சென்னையிலேர்ந்து ஒரு லேடி டாக்டர் வராங்களாம். எண்ணிக்கைய வுட்டுடுவாங்களாம். ஒவ்வொரு நாயா தூக்கி, புண்ணு கீதான்னு பாப்பாங்களாம்.”

“நம்மகிட்ட புண்ணு எத்தினிக்கு?”

“பத்துல ஒம்போதுக்கு சார்.”

“மீதி ஒண்ணு?”

“சீசரு.”

சீசர் ஓர் அல்சேஷன். பலகைப் படத்துக்காகவும் வாடிக்கையாளர் கண்ணுக்காகவும் ஏசி அறையில் வளர்வது. புண் வர வாய்ப்பில்லை.

“டாக்டர வரவழைச்சு மருந்து போட்டா?”

“போட்லாம் சார். ‘இத்தினி நாளா ஏன் போடல’ன்னு அந்தம்மா கேட்டா இன்னா சொல்றது?”

நாய்களின் தந்தை ஒரு நிமிடம் யோசித்தார். நான்கு வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

“இன்னும் ஒம்போது பத்திரம் எழுது,” என்றார்.

இந்த முறை பந்தல் இல்லை. மாலை மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமை போட்ட ரோஜா மாலையையே தண்ணீர் தெளித்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் யாரும் வரவில்லை. காலிக் கொட்டகையில் நாற்பது கூண்டுகளும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பெங்களூர் வாடிக்கையாளர் குட்டி கேட்டுப் போன் மேல் போன் போட்டார். சனிக்கிழமை காலை, மினி லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெருநகருக்கே போய்விட்டார் தினகரன்.

முதல் வீடு சொக்கம்மாளுடையது. அவள் மடியில் பொமரேனியன் ஒன்று மல்லாந்து கிடந்தது. வேப்பெண்ணெய் தடவிய காதோடு தூங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, நாயக் குடு. சோதனை இல்லன்னு ஆயிடுச்சு.”

“எந்த நாய நைனா?”

“உன் மடியில கீதே, அது!”

“இது என் நாயி. பேரு அல்லி.”

“நாந்தானே குடுத்தேன்!”

“ஆமா. மைக்குல சொல்லி, அயுதுகினே குடுத்த.” அவள் உள்ளே போய், பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்திய முத்திரைத்தாளை எடுத்துவந்து நீட்டினாள். “எனக்குப் படிக்க வராது. நீயே படி. வாரிசுன்னு ஒரு வார்த்த வருமே, அங்கேந்து படி.”

தினகரன் படிக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்கடுத்த வீட்டில் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அவருடைய மாலை போட்ட போட்டோவும் இருந்தது. எட்டாவது வீட்டில் நாயே குலைத்து அவரைத் தெருவுக்கு விரட்டியது.

“போலீசுக்குப் போறேன்!” என்று கத்தினார்.

“போ நைனா,” என்றாள் பின்னாலேயே வந்த சொக்கம்மாள். “பத்துக்குத்தான் பர்மிட்டு, நாப்பத்தொண்ணு வெச்சிருந்தேன், நாப்பதக் காணோம்னு எயுதிக் குடு. நாங்களும் வந்து சாட்சி சொல்றோம்.”

மினி லாரி காலியாகவே தெருக்கோடி வரைக்கும் போனது.

கடைசி வீடு பரிமளாவுடையது. முருங்கை மரத்தடியில், ஈர மண்ணில், நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது பதினேழாம் நம்பர். கூண்டில் அப்படி நீட்ட இடமிருந்ததில்லை. புண்ணில் மஞ்சள் மருந்து. தினகரனின் குரல் கேட்டதும் அது காலை மடக்கிச் சுருண்டுகொண்டது.

அதைப் பார்த்த பரிமளாவின் முகம் மாறியது. நான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் ‘சார்’ சொல்லவில்லை.

“அங்கயே நில்லு. உள்ள வராத.”

“திங்கக்கெழம வேலைக்கு வா, பேசிக்கிறேன்.”

“கூண்டெல்லாம் காலியா கீது. வந்து இன்னாத்தக் கழுவறது?”

திங்கட்கிழமை காலை, பதிவுச் சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார் தினகரன். கோட்டும் சூட்டும் இருந்தன. உள்ளே ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஏழாவதில், ஓய்வுபெற ஆறு மாதமே பாக்கியிருந்த பியூன் சின்னப்பையன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நான் டாக்டர் தினகரன்! இம்பீரியல் கென்னல்ஸ்! சோதனைக்கு வரேன்னா வரணும், இல்லன்னா வரலன்னு சொல்லணும்! புதன்கிழமை, வெள்ளிக்கிழமை, ரெண்டு நாளும் வெயில்ல நின்னேன். ஒரு பொறுப்பு வேணாம்? ஒரு நேரங்காலம் வேணாம்?”

சின்னப்பையன் கடலைத் தோலை ஊதிவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சோதனையா? உன் கொட்டாய் மேல பெருநகர் பரிமளான்னு ஒரு பொம்பள நாலு வருசமா பதினாறு மனு குடுத்துச்சு, அதுக்கே இங்கேந்து ஒரு ஜீப்பு கெளம்பல. போன வாரம் வந்து, ‘நீங்க யாரும் வர வேணாம், வர்றீங்கன்னு மட்டும் நான் சொல்லிக்கிறேன்’னுட்டுப் போச்சே!”