எட்டு முதல் எட்டரை வரை

வாசலில் கார் வந்து நின்றபோது மணி எட்டு ஐந்து. முருகன் படத்துக்கு எதிரே விருத்தாசலம் கண்ணை மூடி உட்கார்ந்து சரியாக ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஏங்க! பத்து மணிக்கு வர்றோம்னு சொன்ன மாப்பிள்ள வூட்டுக்காரங்க இப்பவே வந்து எறங்கிக்கினு இருக்காங்க! பேஜாராப் போச்சே!" என்று மனைவி செண்பகம் அலறினாள்.

விருத்தாசலம் எழுந்தார். பேசவில்லை. தினமும் காலை எட்டு முதல் எட்டரை வரை மௌனம் என்று மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டு, இன்று நாற்பத்தாறாவது நாள். நாற்பத்தெட்டில் ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஜுரத்திலும் மனுஷன் விட்டதில்லை. டியூட்டி நாளில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மௌனம், கண்டக்டர்தான் தவித்துப்போவார்.

வேண்டுதலுக்குக் காரணம் அவருடைய வாய். விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸை முப்பது வருடமாக ஓட்டுகிறவர். ஹாரனைவிட அவர் சத்தம் ஜாஸ்தி. மகள் அன்புச்செல்விக்கு வந்த முதல் வரனின் அப்பாவிடம், "தலைக்கு எந்த மை போடறீங்க?" என்று கேட்டார். இரண்டாவது வரனின் அத்தையிடம், "நீ யாரும்மா நடுவுல?" என்றார். இரண்டும் போயே போச்சு. இதுவும் போனால் பெற்ற பெண்ணுக்குத் தானே எமன் என்று அவருக்கு உள்ளூர உதறல்.

"ரோடு காலியா இருந்துச்சு, ஜல்தியா வந்துட்டோம்" என்று சோபாவில் சாய்ந்தார் மாப்பிள்ளையின் அப்பா நடராசன். இரு பக்கமும் மனைவி பிரபாவதியும் மாப்பிள்ளை இனியவனும்.

விருத்தாசலம் கும்பிட்டார். சிரித்தார். மறுபடியும் கும்பிட்டார்.

"சார் பேச மாட்டாரா?" என்று கேட்டார் நடராசன்.

மௌனம் என்றால் எதற்கு என்பார்கள். வாய் விஷயம் வெளியே வந்துவிடும். செண்பகம் முந்திக்கொண்டாள். "தொண்ட கட்டிக்கிச்சுங்க."

"அட, நான் இருவத்தஞ்சு வருஷம் கம்பவுண்டரா இருந்தவன். வாயத் தொறங்க சார். ஆ சொல்லுங்க!"

வாய் திறந்தது. 'ஆ' வரவில்லை. 'ஆ'வும் பேச்சில் சேர்த்தியா என்று முருகனிடம் கேட்டுவைக்காதது எவ்வளவு பெரிய பிசகு!

"தொண்ட நல்லாத்தானே இருக்குது!"

"பல்லுங்க! நேத்துதான் புடுங்குனாங்க!"

நடராசன் செல்போன் டார்ச்சை அடித்து நிதானமாக எண்ணினார். "முப்பத்திரெண்டும் இருக்குதேம்மா!"

"புடுங்கப் போனாங்க... புடுங்கல" என்றாள் செண்பகம். இனியவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

விருத்தாசலம் பதறிப்போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று கையை ஆட்டினார்.

"டைம் ஆச்சு, கெளம்புங்கன்றாரா?"

"ஐயையோ, இல்லீங்க! கடியாரம் புதுசு, அதக் காட்டறாரு!"

அன்புச்செல்வி காபியும் ஒரு தட்டில் வேர்க்கடலை உருண்டையும் கொண்டுவந்து வைத்தாள். மணி எட்டு இருபது. நடராசன் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்த பஸ் டிரைவருங்களே இப்படித்தாங்க. கூட்டேரிப்பட்டுல கை காட்டினா ஒருத்தனும் நிறுத்தறதில்ல. பாக்காத மாதிரி போய்க்கினே இருப்பானுங்க."

முப்பது வருடத்தில் விருத்தாசலம் ஒரு ஸ்டாப்பிங்கைக்கூட விட்டதில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் பாதி திறந்தது. போச்சுடா என்று செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் தட்டிலிருந்த மல்லாட்டை உருண்டையை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியது. மென்றார், மென்றார், விழுங்கினார். உருண்டையோடு கோபமும் கரைந்து இறங்கிவிட்டது. தன்னால் கத்தாமல் இருக்க முடிகிறதே என்று அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம். நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார் நடராசன். மணி எட்டு இருபத்தேழு.

விருத்தாசலம் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவரும் பலமாகத் தலையாட்டினார். வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

எட்டரை ஆனதுதான் தாமதம், "முருகா!" என்று அவர் போட்ட போட்டில் தெருநாய் குரைத்தது.

"ஜெயிச்சுட்டேன் செண்பகம்! நாள் தவறாம உக்காந்ததுக்கு முருகன் குடுத்துட்டான் பாத்தியா! சம்மந்தி, தொண்டையும் இல்ல, பல்லும் இல்ல, மௌனம்! பாவம், ஒண்ணும் தெரியாம வந்து மாட்டிக்கினீங்க!"

அதுவரை வாயே திறக்காத பிரபாவதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியாம இன்னா சம்மந்தி? 'எட்டு மணிக்கு வந்துடுங்க, எட்டரை வரைக்கும் அப்பா வாயத் தொறக்க மாட்டாரு, ஒரு நாளும் தவறுனதில்ல, நம்பி வரலாம்'னு உங்க பொண்ணு போன் பண்ணிச் சொன்னதாலதான நாங்க வந்ததே!"