மூன்றாவது மறுப்பு

டெர்பி, இங்கிலாந்து,
செப்டம்பர் 4, வெள்ளி

பெருமதிப்புக்குரிய தாங் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஷென் ஜிங்வேய் தலை தாழ்த்தி எழுதுவது.

யாங்ஜோவில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்ததா, அல்லது வந்தும் பிரிக்கப்படாமல் அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. இங்கே நானும் ரூயிங்கும் உடம்பளவில் நலம். மழை பெய்கிறது. இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனாலும் கடிதத்தை முறையாகத் தொடங்க வேண்டும் அல்லவா. முறை தெரிந்தவர்கள் இந்தத் தீவில் அருகிவிட்டதால் நானாவது காப்பாற்றி வைக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் அக்கா குறுக்கே பேசுவாள், ஆகவே துரித அஞ்சல்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் பாடகர் குழு இருபத்தைந்தாம் தேதி நிலா விழா விருந்துக்கு இங்கே வரும்போது எங்கள் இருகரை நட்புக் கழகத்துக்கு வழங்குவதற்காக, சிவப்புப் பட்டுக் கொடி ஒன்றில் "தலைவர் ஷென் ஜிங்வேய் அவர்களுக்கு" என்று தங்க நூலால் தைக்கக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நூலைப் பிரிக்கச் சொல்லுங்கள். நான் தலைவர் இல்லை. உறுப்பினர்கூட இல்லை; நேற்று முன்தினம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். ரயில் நிலையத்துக்கும் வர மாட்டேன். நீங்கள் மட்டும் தனியாக என் வீட்டுக்கு வாருங்கள், மற்ற முப்பது பேரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். தலைவராவது உறுதி என்று ஜூலையில் எழுதியவன் நான்தான் என்பதை நினைவூட்ட வேண்டாம். அக்கா நினைவூட்டுவாள், ஒருவர் போதும்.

நடந்தது இதுதான். ஒன்பது வருடம் தலைவராக இருந்த மேவிஸ் பென்ரோஸ் அம்மையார் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார் என்பதால் ஆகஸ்டில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பொதுக்குழு கூடியது. பால் ஊற்றிக் கெடுத்த தேநீர், பிஸ்கட், மடக்கு நாற்காலிகள். அம்மையார் என்னைப் பார்த்து, "ஜிங்வேய், அடுத்து நீங்கதான் வரணும்னு எங்க எல்லாருக்கும் ஆசை. ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். முதல் மறுப்புக்கு என் தகுதிக் குறைவு, இரண்டாவதற்கு வேலைப் பளு, மூன்றாவதற்கு அவையில் இருக்கும் மூத்தவர்கள். பிறகு தலை குனிந்து, வேறு வழியில்லாததுபோல் ஏற்றுக்கொள்வது. ஏற்புரை இரண்டு மொழியிலும் சட்டைப் பையில் இருந்தது. "எனக்கு அவ்வளவு தகுதி கிடையாதுங்க. என்னைவிடப் பொருத்தமானவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தேன். "அடடா, வருத்தமா இருக்கு. ஆனா உங்க முடிவை மதிக்கிறோம்" என்றார் அம்மையார். உடனே பக்கத்தில் திரும்பி, "டெஸ்மண்ட், நீங்க?" என்றார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற டெஸ்மண்ட் ஹாலம், "வேற யாரும் இல்லேன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு மறுப்பு கிடையாது, பாதி மறுப்பு கிடையாது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து எடுக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை. அங்கே இருந்த நம்மவர்கள் நால்வராவது குரல் கொடுத்திருக்கலாம். நால்வரும் லிவர்பூலில் பிறந்தவர்கள், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

பரஸ்பரப் புரிதலை வளர்ப்பதற்காகவே நடக்கும் கழகம் இது என்பதை யோசித்துப் பாருங்கள். மூன்று முறை மறுக்காமல் நம்மில் யார் எதை வாங்கிக்கொண்டோம்? உங்கள் கல்யாணத்தின்போது அப்பா கொடுத்த சைக்கிளை நீங்கள் நான்கு தடவை மறுத்தீர்கள். நான்காவது கொஞ்சம் அதிகப்படி என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், நானும் மறக்கவில்லை, ஆனால் சைக்கிள் உங்களிடம்தானே வந்தது. எனக்கு இது இரண்டாவது அடி. பதினோரு வருடம் முன்பு ரயில் பெட்டி வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்கிறாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் இன்னும் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன். ஆறு வாரப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் இருபத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இன்றும் அவனிடம்தான் விடுப்புக்குக் கையெழுத்து வாங்குகிறேன்.

இந்த இடத்தில் எழுந்து ஜன்னல்வரை போய் வந்தேன். இதுவரை ஆறு தடவை. உட்கார்ந்தால் நாற்காலி சுடுகிறது.

போன வாரம் விருந்து ஏற்பாட்டுக் கூட்டம். புதிய தலைவர் சதுரத் தாளில், சிக்னல் வரைபடம்போல, மேசைகளை வரைந்துகொண்டு வந்திருந்தார். மீன்களின் தலையை அடுப்படியிலேயே வெட்டிவிடலாம், விருந்தாளிகளை அது முறைத்துப் பார்க்காது என்றார். தலை இல்லாத மீனை யாரைப் பார்க்க வைப்பது, தலைமை விருந்தாளி யார் என்று மேசைக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். அதன்பிறகு உங்கள் இருக்கை, அத்தான். கதவுக்கு முதுகைக் காட்டி, சமையலறைப் பக்கம், வெப்பக் குழாய்க்கு அருகில். பரிமாறுகிறவர்கள் போய்வரும் வழி. "வயசானவர், தூரத்துலேருந்து வர்றார், குளிரக் கூடாதில்ல" என்றார் டெஸ்மண்ட். தலைமை விருந்தாளிக்கு உரிய, கதவைப் பார்த்த நடு இருக்கையில் யாரைப் போட்டிருந்தார் தெரியுமா? யாரையும் இல்லை. அங்கே பூச்சாடி. என் அக்கா கணவர் அடுப்படி ஓரத்தில், பூச்சாடி தலைமையில் விருந்து. நான் நேராக வீட்டுக்கு வந்து விலகல் கடிதம் எழுதினேன். நான்கு பிரதி எடுத்து, இந்தப் புதன்கிழமை கொடுத்தேன்.

நேற்று மாலை டெஸ்மண்டே வந்தார். நனைந்த கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்து, என்ன தப்பு நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் அருமை என்றேன். கொஞ்ச நேரம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, "ஒருவேளை அந்தத் தலைவர் பொறுப்பை நீங்களே எடுத்துக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல, சந்தோஷமாத் தந்துடுவேன்" என்றார். அத்தான், என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "சேச்சே, நீங்க நல்லாத்தானே செய்றீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? பிச்சைக்காரன்போல் கையை நீட்டுவதா? அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்று எழுந்து கோட்டை மாட்டினார். ரூயிங் வாசல்வரை அவரோடு போனாள். குடை கொடுக்கக் கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்து என்னைப் பார்த்து, "வேணும்னா வேணும்னு சொல்லுங்க. பதினோரு வருஷமா ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்க, நான்தான் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

ஆறு வருடமாக டெஸ்மண்டோடு பழக்கம். சீனாவுக்கு இரண்டு தடவை போய் வந்தவர். வலக்கை நிறைய உணவுக்குச்சிகளை வைத்துக்கொண்டு ஒரு வேர்க்கடலைக்காகப் போராடுவார், விட மாட்டார், எனக்கே பிடித்துப்போகும். ஆனால் இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் வீட்டில் ஒரு கவளம் சாப்பிட என்னைக் கூப்பிட்டதில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். இரண்டு நாட்டுக்கும் நடுவே கடல் இருப்பது காரணத்தோடுதான். அது அப்படியே இருக்கட்டும். என் முடிவு இறுதியானது.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், படியேற வலிக்காத முழங்கால்களும், பாடும்போது உடையாத குரலும், என்னைப்போல் இல்லாத மைத்துனர்களும் வாய்க்கட்டும்.

என்றும் தங்கள்,
ஷென் ஜிங்வேய்

பின்குறிப்பு. சனிக்கிழமை. நேற்று அஞ்சலகம்வரை போய், வரிசையில் நின்று, திரும்பி வந்துவிட்டேன். இன்று மதியம் டெஸ்மண்ட் மறுபடி வந்தார், கையில் அட்டைப்பெட்டி. கழகத்தின் மணி, கூடத்துச் சாவி, மேசை வரைந்த தாள். தலைவர் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார். இந்தத் தடவை நான் முறையெல்லாம் பார்க்கவில்லை. "டெஸ்மண்ட், எனக்கு வேண்டாம். இது மரியாதைக்குச் சொல்றதில்ல, கோவத்துல சொல்றேன். உண்மையாவே வேண்டாம்" என்றேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மூன்று விரலைக் காட்டினார். "ஹால்ல ஒண்ணு, வியாழக்கிழமை ஒண்ணு, இப்ப ஒண்ணு. மூணு ஆச்சு. நாலாவது கேட்டா அதிகப்படின்னு ரூயிங் சொன்னாங்க." பெட்டியைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மனதில் பட்டதைச் சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தபோது, நான் சொன்னது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு அவர் சொன்னார்: "வேண்டாம்னு சொன்னவரைத் திரும்பக் கேட்டா, உன் வார்த்தைய நம்பலேன்னு அர்த்தம். எங்கப்பா அப்படித்தான் வளர்த்தார். முதல் வருஷம் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்னீங்க. என் சம்சாரம் டோரீன் சுட்டு வெச்ச இறைச்சி அடையை நாங்க ரெண்டு பேரும் மூணு நாள் சாப்பிட்டோம்." எனக்கு ஞாபகம் இருந்தது.

ஆகவே நூலைப் பிரிக்க வேண்டாம். பிரித்திருந்தால் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தாக. மீன் தலையோடு வரும், உங்களைப் பார்க்கும். கதவைப் பார்த்த நடு இருக்கை உங்களுடையது. பூச்சாடி அடுப்படிக்குப் போகிறது. டெஸ்மண்டுக்கு நல்ல தேயிலை டப்பா ஒன்று கொண்டுவாருங்கள். கொடுத்ததும் உங்கள் கண்ணெதிரிலேயே சுற்றிய தாளைக் கிழித்துத் திறப்பார், பதறாதீர்கள், அது பேராசை இல்லை. மற்ற முப்பது பேரிடமும் எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள்.

டெஸ்மண்ட் புறப்படும்போது மழை. கேட்டைத் திறந்துகொண்டே நாளைக்கு மதியம் டோரீன் சமைக்கிறாள், இரண்டு பேரும் வாருங்கள் என்றார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போகவில்லை. நனைந்தபடி நின்று இரண்டாவது விரலை நீட்டினார். மூன்றாவதுவரை நான் அவரைக் காக்க வைக்கவில்லை.