கோட்டுக்காரருக்குப் பசி

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன்தான் வெளிநாட்டுப் படத்தை முழுசாகப் பார்ப்பவன். படித்தவர்கள் பாவம், கீழே ஓடும் வரிகளைத் துரத்தியே களைத்துவிடுகிறார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. இரண்டு கண்ணையும் மனிதர்கள்மேலேயே வைத்திருக்கலாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். போர்வெல் லாரி, திருப்பூர் சாயப்பட்டறை, பெங்களூர் லாட்ஜ் என்று சுற்றிவிட்டு, ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். ஓசூர் வாடகை கட்டுப்படியாகாததால் கர்நாடக எல்லையோரத் தளியில் அறை. வேலை முடிந்து வந்தால் செல்போனில் யாரும் பார்க்காத தொடர்களாகத் தேடுவேன். (எல்லோரும் பார்ப்பதைத்தான் எல்லோரும் சொல்லிவிடுகிறார்களே!) பனி நாட்டில் ஒருவர் கதவை முதுகில் சுமந்து நடந்துகொண்டே இருப்பார். பாலைவனத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் தொடர் முழுக்க பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். ஒரு தீவில் கோழி காணாமல் போனதற்கு ஊரே பேச்சை நிறுத்திவிடும். என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்ற குடைச்சல் விடாது. கடைசியில் காரணத்தை நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் அதுதான் கதை.

"அந்தக் கதவு எதுக்குண்ணா?" என்று முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்பாள் மஞ்சுளா. தளிக்காரி, எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவு.

"தங்கச்சி வீட்டுக்குக் கதவே இல்லம்மா. சீர் கொண்டு போறாரு."

பஸ்ஸில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். (அந்த ‘ண்ணா’ போகப்போக உதிர்ந்துவிட்டது.)

மஞ்சுளாவின் அப்பா முட்டைக்கோஸ் விவசாயி. பன்னிரண்டு படித்த மகளை எட்டாவதுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை. "உலகத்துல இருக்கற எல்லா பாஷைப் படமும் பாக்கறவருப்பா" என்று இவள் செய்த ஒரே சிபாரிசில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஆக, என் கல்யாணமே அந்தக் கதவின்மேல் நின்றது.

வாசலிலேயே அவள் அம்மா கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார். மாசக் கடைசி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். "ஆச்சும்மா, இப்பத்தான்" என்றேன். மாப்பிள்ளை கெத்து!

உட்கார்ந்ததும் அப்பா டிவியைப் போட்டார்.

"நீ சொன்ன கதவுக் கதைதாம்ப்பா. இப்ப தமிழ்லயே வருதாம்."

வயிற்றிலிருந்த தண்ணீரும் வற்றியது.

திரையில் அந்த மனிதர் கதவை இறக்கி வைத்து, கணீரென்ற தமிழில் முழங்கினார்: "பக்கத்து வீட்டான் கோடாரியால் வெட்டிய கதவு இது! இதுதான் என் சாட்சி! நீதிமன்றத்தில் காட்டாமல் விடமாட்டேன்!"

தங்கச்சி என்று நான் சொன்னவள் எதிர்த்தரப்பு வக்கீல். பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்று சொன்ன கிழவிக்குப் பல்வலி.

"சீருன்னியாமே?" என்றார் அப்பா.

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். "அப்ப கீழ ஓடறதை நீங்க படிக்கவே இல்லயா?"

"இங்கிலீசு ஓட்டமா ஓடுது மஞ்சு. நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள ஆளே செத்துடறான்."

"பஸ்ஸு பூரா அழுதோமே, பாவி!"

நான் செருப்பைத் தேடினேன். அப்பா கை காட்டி உட்கார வைத்தார். நான் பார்க்காத, தமிழில் பேசும் வேறொரு தொடரைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தினார். பெரிய கூடம், நீள மேசை, விருந்து.

"இதைச் சொல்லு பாக்கலாம்."

கல்யாண விருந்து என்றேன். சத்தம் வைத்தார், கருமாதி. தாடிக்காரர் பெண்ணின் அப்பா என்றேன். பிணப்பெட்டி செய்த தச்சர். கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தவள் நகை திருடி என்றேன். அவள்தான் செத்தவரின் மனைவி. ஒவ்வொன்றுக்கும் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் நிறுத்தவும் மனமில்லை. மறுபடி சத்தத்தை அணைத்தார்.

"செரி, அந்தக் கோட்டுக்காரன்?"

"அவருக்குப் பசிங்க."

"தட்டு நெறைய இருக்கு, தொடக்கூட இல்லயேப்பா. பெரிய மனுசனாட்டம் இருக்கான்."

"தொட்டா நிறுத்த முடியாதுங்க, அதான். பாருங்க, பேசறவங்க மூஞ்சியை அவரு பாக்கல. அவங்க கையைத்தான் பாக்கறாரு."

சத்தம் வந்தது. கோட்டுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போய், ஆளில்லாத இடத்தில் ரொட்டியை அப்படியே வாயில் திணித்தார். சமையல்காரி பார்த்துவிட்டாள். "கோட்டு இரவல், அம்மா. சாப்பிட்டு இரண்டு நாளாகிறது" என்றார் அவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவின் பார்வை டிவியிலிருந்து என் சட்டைக்கு வந்தது. (அதுவும் அறைத்தோழனுடையது. தோளில் தொங்கியது.) அம்மா ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். ராகிக் களியும் கீரைச் சாறும் வந்தன. நான் மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. இரண்டாவது உருண்டைக்கு மஞ்சுளாவே வந்து சாறு ஊற்றினாள். முகத்தில் மட்டும் கோபம் அப்படியே இருந்தது.

கை கழுவி வந்ததும் அப்பா தீர்ப்பு சொன்னார். "கீழ ஓடறதை மஞ்சு படிக்கட்டும். நீ மூஞ்சியப் பாத்துக்க."

இப்போதும் வீட்டில் புதிதாக எந்தத் தொடர் போட்டாலும் மாமனார் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, "மாப்ள, யாருக்குப் பசி?" என்பார். வாசலில் வரும் விருந்தாளி "ஆச்சுங்க" என்று சொன்னால் போச்சு. மொத்தக் குடும்பமும் திரும்பி என்னைப் பார்க்கும். (ஒரே ஒரு தடவை தவறிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டு வந்த ஓர் இன்சூரன்ஸ்காரர் இரண்டு உருண்டைக் களியோடு போராடினார்.) நான் லேசாகத் தலையாட்டினால் போதும், மாமியார் அடுப்பில் உலை வைத்துவிடுவார்.