கட்டு இல்லடி, கட்டி

அன்புள்ள தங்கச்சி மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கு யாவரும் நலம், என் இடது சிறுநீரகத்துக்கு மேலே புதிதாகத் தென்பட்ட ஒரு கட்டி உட்பட.

முதுகுவலிக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் பெரியம்மா என்று போனில் நீதான் சொன்னாய். எடுத்தேன். முதுகில் ஒன்றும் இல்லையாம். அந்தச் சந்தோஷத்துல எந்திரிக்கப் போனா, டாக்டர் பொண்ணு, "உக்காருங்கம்மா, அட்ரினல் சுரப்பியில ஒரு கட்டி தெரியுது"ங்குது. அப்படி ஒரு சுரப்பி எனக்குள்ள குடியிருக்கறதே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே அதுல கட்டி! "புத்துநோயாம்மா?"ன்னேன். "பெரும்பாலும் இருக்காதும்மா. சின்னது, கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கறப்ப இன்சிடென்ட்டலா இப்படி நிறையப் பேருக்குத் தெரிய வரும். ரத்தம், யூரின் டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்"னுச்சு. பெரும்பாலுமாம்! சாமிகிட்ட நாம 'பெரும்பாலும் காப்பாத்து'ன்னா வேண்டிக்கிறோம்?

அந்த 'இன்சிடென்ட்டல்'ங்கற இங்கிலீஷ் வார்த்தை என் வாய்க்கு வர்றதுக்குள்ள 'ஆக்சிடென்ட்' ஆயிடுச்சு. உங்கம்மாவுக்குப் போன் போட்டு, "ஆக்சிடென்ட்டுல கட்டின்னுட்டாங்கடி"ன்னேன். என்கூடப் பிறந்தவளாச்சே, மீதியை அவளே சேர்த்துக்கிட்டா. சாயங்காலத்துக்குள்ள ஒரு லாரி, பிரேக் பிடிக்காத ஒரு டிரைவர் எல்லாம் தயாராகி, வேன் நிறையச் சொந்தம் வந்து வாசல்ல இறங்கிருச்சு. கதவைத் திறந்தது நான். உங்கம்மா முகம் தொங்கிப்போச்சு. "ஏங்க்கா, கட்டு எங்க?"ங்கறா. "கட்டு இல்லடி, கட்டி"ன்னேன். "நல்லா நடந்து வேற வர்றாளே"ன்னு உன் மாமாவுக்கு ஒரே குறை. விஷயத்தைச் சொன்னதும், லாரியே தேவலைன்னு எல்லாரும் அழ ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கிலருந்து இந்த வீடு வீடா இல்ல. குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தாத உன் பெரியப்பா பாத்திரம் கழுவுறார். என் மருமக, "உங்களுக்குப் பிடிச்ச சீரியலே பாருங்கத்தை"ன்னு ரிமோட்டைக் கையில குடுக்குறா. இத்தனை மரியாதை பண்ணினா, நான் பொழைக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்? கட்டி தெரிஞ்சப்ப வராத பயம், ரிமோட் கைக்கு வந்தப்பதான்டா வந்துச்சு.

நீ வேற, "ரொம்பச் சிலருக்குத்தான் புத்துநோயா இருக்கும், கவலைப்படாதீங்க"ன்னு மெசேஜ் அனுப்புற. கடையில பால் தீர்றது எனக்கு முன்னாலதான். லிப்ட் பாதியில நிக்கறது நான் ஏறினப்பதான். இதுல மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சுருமாக்கும்!

சாமி உனக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும். ஸ்கேன் எடுக்காத ஆயுசாக் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆலோசனையால் இந்நிலைக்கு வந்த
பெரியம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள டாக்டர் பொண்ணு கூப்பிட்டுச்சு. டெஸ்ட் எல்லாம் சுத்தமாம். புத்துநோய் இல்ல, வெட்டவும் வேணாமாம். சாமி படத்துக்கு முன்னால உக்காந்து அழுது தீர்த்தேன். "யாரு போன்ல?"ன்னு உன் பெரியப்பா கேட்டார். ராங் நம்பர்னுட்டேன். நாளைக்கு ஜன்னலெல்லாம் துடைக்கறதாச் சொல்லியிருக்கார், துடைச்சு முடிக்கட்டும், சொல்லிக்கலாம். சாமிகிட்ட அனுமதி வாங்கியாச்சு. உங்கம்மாகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதடா.