ஆவணிக்குள் முடியாத கூரை

சிவமயம்

வெள்ளவத்தை,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய கதிரித்தம்பி அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் இரத்தினசிங்கம் பணிவோடு எழுதிக்கொள்வது.

பிள்ளையார் கிருபையால் நானும் பாலேஸ்வரியும் பிள்ளை சரோஜினிதேவியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அக்காவும் மருமகன் சிவபாலனும் ஊரில் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். அக்காவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய எண்ணெய் கிடைத்ததா? பூசிவிட்டுச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கவேண்டும். பூசியவுடனே கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னாலும் போவா என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கூரை முடிந்ததா இல்லையா என்று ஒரு சொல்லில் எழுதும்படியும், எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை மெயில் ரயில் கோச்சியில் வந்து உங்கள் கண்ணாலேயே பார்க்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லில் எழுதுவதென்றால், இல்லை. இன்றைய தேதியில் அந்த மண்டபத்துக் கூரை முடியவில்லை. இதற்குப் பிள்ளையார் சாட்சி. ஆனால் இத்தனை வருஷம் கவர்ண்மெண்ட் கட்டட வேலைக் கந்தோரில் ஓவசியர் வேலை பார்த்தவனுக்கு ஒரு சொல்லில் எழுதிப் பழக்கமில்லை. ஆகையால் நடந்ததை விபரமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவேண்டும்.

நான் சத்தியத்தை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்கவேண்டாம். வைகாசியில் அந்தப் புயல் அடித்துக் கல்லூரி மண்டபத்தின் கூரையைப் பிய்த்து எறிந்தபோது, அங்கே சரோ எழுதவிருந்த பட்டச் சோதினையும் தள்ளிப்போனது. மண்டபத்தைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த மாதமே அப்பாவின் திவசத்துக்கு நான் ஊருக்கு வந்தேன். சிவபாலனுக்குச் சரோவைக் கேட்டீர்கள். சோதினை முடியட்டும் அத்தான் என்று நான் சொன்னேன். அப்போது நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "சோதினையை நம்பேலாது இரத்தினசிங்கம். பெயில் எண்டால் திருப்பி எழுதுறன் எண்டுவாள், பாஸ் எண்டால் மேலை படிக்கப்போறன் எண்டுவாள். சோதினைக்கு முடிவில்லை. கூரைக்கு முடிவிருக்கு. நீ போடுற கூரைதானே? அது முடிஞ்ச கையோடை தாலி எண்டு சத்தியம் பண்ணு." நான் வாய் திறக்கப் போனேன். பக்கத்தில் அக்கா நின்று என் முகத்தைப் பார்த்தா. தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவ. நான் பிள்ளையார் முன்னே எரிந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினேன்.

இனிக் கூரையின் கதைக்கு வருகிறேன். முதலில் ஓடு. புயலோடு பறந்த ஓடுகளில் பாதி உடையாமல் கல்லூரிக்குப் பின்புறத்து வீட்டு வளவுகளில் போய் விழுந்துகிடப்பதாகக் கேள்விப்பட்டு, புது ஓடு வர நாளாகுமே, கிடப்பதைப் பொறுக்கினால் என்ன என்று நானே நேரில் போனேன். போன இடத்தில் பேர்ணடெற் என்கிற மனுஷி தன்னுடைய கோழிக்கூட்டுக்கு, குசினிக்கு, கிணற்றடிக்கு எல்லாம் நம்முடைய மங்களூர் ஓட்டை வரிசை பிசகாமல் அழகாகப் போட்டு வைத்திருந்தா. எங்கள் வேலையாட்கள்கூட அவ்வளவு நேராகப் போடமாட்டார்கள். இது கவர்ண்மெண்ட் ஓடு அம்மா என்றேன். அவ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கடவுள் காத்துல அனுப்பினத கவர்ண்மெண்ட் வந்து திருப்பிக் கேக்குமா? அப்ப எங்கூட்டுச் சேவல் ரெண்டு அதே காத்துல உங்க காலேஜுக்குப் பறந்து வந்திச்சே, அதக் குடுங்க, ஓட்டத் தாறன்" என்றா. நானும் மனம் விட்டுவிடாமல் கல்லூரி முழுக்கச் சேவல் தேடினேன். பரிசோதனைச் சாலைக்குப் பின்னால் இறகுதான் கிடந்தது. விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் ஒவ்வொருவனும் வானத்தைப் பார்க்கிறான். ஓடும் போய்ச் சேவலும் போய் நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

ஓடுதான் இப்படியென்றால் மரம் அதற்கு மேல். கிராண்ட்பாஸ் பக்கத்து மரக்காலை இப்றாஹிம் முதலாளி மரம் தர ஒப்புக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நோன்பு தொழுகை தவறாதவர், சொன்ன சொல்லும் தவறாதவர். ஆனால் அந்தக் கிழமை களனி கங்கை பெருகி, அவருடைய மரக்காலைக்குள் புகுந்து, கூரை தாங்கும் வளைகளையும் சட்டங்களையும் கொண்டு போய்விட்டது. மரம் எங்கே முதலாளி என்று கேட்டேன். "ஓவசியர், மரம் இல்லாம இல்ல. ஈக்கிது. எங்க ஈக்கிதுன்டுதான் தெரிய இல்ல" என்றார். பிறகு அவரும் நானும் ஒரு வள்ளத்தில் ஏறித் தேடிக்கொண்டு போனோம். பேலியகொடைப் பக்கத்தில் நம்முடைய பெரிய வளை அகப்பட்டது. அங்கே சனங்கள் வெள்ளத்துக்கு மேலால் அதைப் பாலமாகப் போட்டு, அதன்மேலே குழந்தை குட்டிகளோடு நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற நேரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நடுவில் நின்று அடிமேல் அடி வைத்து வருகிறாள். கரையில் நின்ற ஒருவர், "மஹத்தயா, பொட்டக் இன்ன" என்றார், சிங்களத்தில், ஐயா கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். முதலாளி என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். நடக்கிற சனத்தின் காலுக்குக் கீழே இருந்து மரத்தை இழுத்து எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. வெள்ளம் வற்றும்வரைக்கும் காத்திருந்தோம். எங்கள் கந்தோர்த் துரை இதைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுதினால் கடதாசி எரிந்துவிடும்.

சரி, மரம் வந்தது, இனியாவது வேலை ஓடும் என்று பார்த்தால் ஆணி அடிக்க விடமாட்டேன் என்கிறார்கள். மண்டபத்துக்கு ஒரு பக்கத்தில் லத்தீன் வகுப்பு, மறுபக்கத்தில் கணிதம், பின்னேரம் சமஸ்கிருதம். சுத்தியல் சத்தத்தில் லத்தீன் விளங்கவில்லையாம். சத்தம் இல்லாவிட்டால் விளங்கிவிடுமா என்று நான் கேட்கவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டேன். கடைசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்தில்தானே தச்சு பாஸ்மாரும் சாப்பிடுவார்கள்? தலைமைத் தச்சன் இராமர் பாஸ் ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் சுத்தியலுமாகச் சட்டத்தில் குந்தியிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இதெல்லாம் போதாதென்று, புயலுக்குத் தப்பி நின்ற கீழ்ப்பக்கத்துச் சட்டத்தில் ஒரு காகம் கூடு கட்டிவிட்டது. காகம் முட்டையிட்டது காணாதென்று அதற்குள்ளே குயிலும் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. விலங்கு சாஸ்திரம் படிப்பிக்கிற வெள்ளைக்காரத் துரை இதைக் கண்டுபிடித்து, இப்படிக் கையெட்டும் தூரத்தில் ஒரு சந்தர்ப்பம் ஆயுசில் ஒருதரம்தான் வாய்க்கும் என்று சொல்லிச் சுற்றிவரக் கயிறு கட்டி, ஒருவரும் தொடக்கூடாது என்று அறிவித்தல் தூக்கிவிட்டார். நான் இராமர் பாஸைத் தனியே கூப்பிட்டு, துரை தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டை மெல்ல மாமரத்துக்கு மாற்றிவிடு என்றேன். அவர் ஏணியை விட்டு இறங்கி வந்து, "ஐயா, காக்கா கூட்டுல கை வச்சா சனீஸ்வரன் சும்மா விடுவாருங்களா? எனக்கு மூணு புள்ளைக இருக்குதுங்க" என்று கும்பிட்டார். சனீஸ்வரனும் சாஸ்திரமும் ஒரே பக்கம் நின்றால் ஓவசியர் என்ன செய்வான்? குயில் குஞ்சுக்குச் செட்டை முளைக்கும்வரைக்கும் அந்தப் பக்கத்து வேலை அப்படியே நின்றது. காகமோ தன் பிள்ளை என்று நினைத்து ஓடி ஓடித் தீன் கொடுத்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆகவே அத்தான், வெள்ளிக்கிழமை நீங்கள் மினைக்கெட்டு வரவேண்டாம். கோச்சிப் பிரயாணம் உங்கள் இடுப்புக்கு ஆகாது. அக்காவைத் தனியே விட்டுவிட்டு வருவதும் சரியில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் கூரை முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. புரட்டாசியில் ஒருவரும் தாலி கட்டுவதில்லை. ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி உங்களுக்கே தெரியும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டும். பிள்ளை விடிய எழும்பி விளக்கைக் கொளுத்திக்கொண்டு படிக்கிறாள். அவள் வாய்க்குள் சொல்லுகிற இங்கிலீசில் பாதி எனக்கு விளங்குவதில்லை. ஆனாலும் பாயில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் பரம்பரையில் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததில்லை, ஆண்பிள்ளையும் வந்ததில்லை. அதை நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சத்தியத்துக்கு எதிராக இதை எழுதவில்லை. மனதில் கிடந்தது, எழுதிவிட்டேன்.

அக்காவின் பாதத்துக்கு என் நமஸ்காரம். மருமகன் சிவபாலனுக்கு என் ஆசீர்வாதம். புகையிலைக் கன்றுக்கு இந்த முறை தண்ணீர் போதுமா என்று அடுத்த தபாலில் எழுதுங்கள். பிள்ளையார் எல்லாரையும் ஒரு தீங்கும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த மைத்துனன்,
வை. இரத்தினசிங்கம்.

பிற்குறிப்பு: மாமா, இதை எழுதுவது சரோஜினிதேவி. முத்திரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அப்பா கடிதத்தை என்னிடம் தந்தார். உறையை ஒட்டியிருக்கவில்லை. எடுத்து வாசித்தது பிழைதான், மன்னிக்கவேண்டும்.

அப்பா எழுதியவை எல்லாம் உண்மையில் நடந்தவை. ஆனால் எல்லாமே பழைய கதை. குயில் குஞ்சு ஆடி முடிய முன்னமே பறந்துவிட்டது. கூரையும் ஆடியிலேயே முடிந்துவிட்டது, ஒரேயொரு ஓடு தவிர. அந்த ஓட்டை அப்பா எங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குள், தன் கலியாணத்துக்குப் போட்ட பட்டுச் சால்வையில் சுற்றி வைத்திருந்தார். அது அங்கே இருக்கும்வரைக்கும் கூரை முடியவில்லை என்று அவர் பிள்ளையாரைச் சாட்சி வைத்து எழுதலாம் அல்லவா?

என் சோதினையும் அந்த மண்டபத்திலேயே நடந்தது. நேற்றுத்தான் முடிந்தது. அதை அப்பா உங்களுக்கு எழுதவில்லை. இரண்டாம் நாள் நான் எழுதிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. ஓடு இல்லாத அந்த இடம் என் மேசைக்குச் சரியாக மேலே இருந்தது. தாள் நனையப்போகிறது என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். ஒரு துளியும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் கறுப்புத் துணி தெரிந்தது. அது அப்பாவின் குடை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்று கீழே நின்று வேலை வாங்குகிற மனிதர், மழை விடும்வரைக்கும் கூரைமேலே குந்தியிருந்து, தான் நனைந்துகொண்டு குடையை எனக்குப் பிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, தெருவோரத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அம்மாவுக்குச் சொன்னார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அன்றைய கடைசிக் கேள்வியை நான் அழுதுகொண்டுதான் எழுதினேன்.

இன்று புதன்கிழமை காலையில் பெட்டகத்தைத் திறந்து, ஓட்டை எடுத்துக்கொண்டு போய் இராமர் பாஸிடம் கொடுத்தேன். "ஐயா கோவிச்சுக்குவாருங்களே பிள்ளை" என்றார். "ஐயா இனி மேலை ஏறி நனையக்கூடாது பாஸ், போடுங்கோ" என்றேன். போட்டுவிட்டார். கூரை முடிந்தது. வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து பார்க்கலாம்.

அப்பாவைக் கோவிக்கவேண்டாம். சிவபாலன் மச்சானிலும் எனக்கு ஒரு குறை இல்லை. ஆனால் மாமா, இந்தக் கலியாணத்துக்குப் பிள்ளையாரைக் கேட்டீர்கள், கற்பூரத்தைக் கேட்டீர்கள், கூரையைக்கூடக் கேட்டீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்காகக் கூரையில் ஏறிய அப்பாவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து நீங்களாவது கேளுங்கள். நான் பதில் வைத்திருக்கிறேன்.