எல்லோரும் வந்தபின் திறக்கும் கதவு

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத நாடுகளில் சாந்தபுரியும் ஒன்று. அங்கே பள்ளிக்கூடங்களின் கூரைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கியபோது அரசர் கூரைகளைச் சரிசெய்யவில்லை. கூரையே தேவைப்படாத கல்வியைக் கொண்டுவந்தார். பாடமெல்லாம் கைபேசிக்குள் போயிற்று. அதற்கான மென்பொருளுக்குக் கோவை என்று பெயர்.

கோவையில் பாடம் செய்வது எளிது. வாசிக்க ஒரு கட்டம், கலந்து பேச ஒரு கட்டம், தேர்வுக்கு ஒரு கட்டம் என்று திரையில் வைத்துக் கோடு இழுத்து இணைத்தால் பாடம் தயார். கட்டங்களுக்கு நடுவே கதவும் வைக்கலாம். ஒரு கதவு குறித்த நேரத்தில் திறக்கும். இன்னொன்று ஆசிரியர் திறந்தால் திறக்கும். மூன்றாவது கதவு, வகுப்பில் பெயர் உள்ள எல்லோரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் திறக்கும்.

பாடம் கோப்பவர்கள் ஒரு குழுமமாக இருந்தார்கள். ஒருவர் செய்த பாடத்தை இன்னொருவர் எடுத்துத் தன் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார். அனுமதி கேட்க வேண்டியதில்லை, நன்றி சொன்னால் போதும். யார் புதிதாக என்ன செய்தார் என்பதை வாராவாரம் எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறவள் தையல்நாயகி. 'குழுமச் செய்தி' என்ற அந்த மடலுக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் வரும். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வாரம் அவள் ஒரு கணக்கு ஆசிரியரைப் பற்றி எழுதினாள். அவர் பின்னப் பாடத்தில் மூன்றாவது கதவை வைத்திருந்தார். முன்னால் வந்த பிள்ளைகள் காத்திருந்து சலித்துப்போய், பின்தங்கியவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்களாம். 'இந்த மாதத்தின் அழகான யோசனை' என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். அதுவரை குழுமச் செய்தியை எந்த அமைச்சரும் படித்ததில்லை. அந்த வாரம் பார்த்துக் கல்வி அமைச்சர் பேரின்பநாதர் படித்துவிட்டார்.

அவளை வரவழைத்துப் பொன்னாடை போர்த்தினார். "நாங்க மேடை மேடையா பேசுற சமத்துவத்தை நீங்க ஒரு கதவுல வச்சுட்டீங்கம்மா. யாரும் முந்தக் கூடாது. முந்துறவன்தான் பின்னால கேள்வி கேக்குறான்" என்றார்.

அந்த வாரமே ஆணை வந்தது. நாட்டில் எல்லாப் பாடத்துக்கும் முதல் கட்டம் முடிந்ததும் மூன்றாவது கதவு கட்டாயம். ஆசிரியர் அதை எடுக்கவோ திறக்கவோ முடியாது. அடுத்த ஆணையில் முதல் கட்டம் எதுவென்று சொல்லிவிட்டார்கள்: அரசரின் வாழ்த்துரைக் காணொளி. அதை முழுவதும் பார்த்தவர்தான் கதவுக்கு வந்ததாகக் கணக்கு. மலையூர்களில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் அலைவரிசை கிடைக்கும். அங்கே பிள்ளைகள் தொட்டிமேல் நின்று அரசர் கும்பிடுவதைத் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். கீழே இருந்தவர்கள் கதவு முன்னால் காத்துக்கிடந்தார்கள். புகார் போனபோது, காத்திருப்பும் கல்வியே என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் தையல்நாயகி செய்தியில் போடவேண்டியிருந்தது.

பிறகு செம்பாறை என்ற ஊரில் காய்ச்சல் தொடங்கியது.

செம்பாறையில் அவள் தங்கை பொற்கொடி சுகாதாரப் பணியாளராக இருந்தாள். காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. அரசே அனுப்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. கடைகளில் அதை விற்கத் தடை. படிக்காதவர் கையில் மருந்து போகக் கூடாது என்பதால், காய்ச்சல் பாடத்தை முடித்த பணியாளர்களுக்குத்தான் பெட்டியைத் திறக்கும் எண் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

"பாடத்துல என்ன இருக்குன்னுதான் நீ போன்லயே சொல்லிட்டியேக்கா" என்றாள் பொற்கொடி, கைபேசியில். "எங்களுக்கு எண் வேணும். அது கதவுக்கு அந்தப் பக்கம் கெடக்கு."

"யாரு இன்னும் வரல?"

"சிவகாமு. எங்ககூட வேலை பாக்குறவ."

"அவகிட்ட சீக்கிரம் பாத்து முடிக்கச் சொல்லு."

"அவளுக்குத்தான்க்கா முதல்ல காய்ச்சல் வந்துச்சு. போய்ச் சேந்துட்டா. பெட்டிய உடைக்கலாம்னு போனோம். துப்பாக்கியோட ரெண்டு பேரு காவலுக்கு நிக்கிறாங்க. பாவம், அவங்களுக்கும் காய்ச்சல்தான்."

தையல்நாயகி கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் துறைச் செயலர் மணவாளரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"ஐயா, செம்பாறை வகுப்புல ஒருத்தர் இறந்துட்டாங்க. அவங்க பேரை எடுத்துட்டாக் கதவு திறந்துடும்."

"இறந்துட்டாங்கன்னு யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊர் ஆயிரம் சொல்லும். கோவை என்ன சொல்லுது? இன்னும் வரவில்லைன்னு சொல்லுது." அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "காய்ச்சலால் இந்நாட்டில் ஒருவர்கூட இறக்கவில்லைன்னு அரசர் அறிவிச்சிருக்கார். இவங்க பேரை எடுத்தா, எதுக்கு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. நான் என்ன எழுதுறது?"

"அப்ப அந்த ஒரு பாடத்துல மட்டும் கதவை எடுத்துடுங்க."

"சமத்துவத்தையா?" என்றார் மணவாளர். உண்மையிலேயே அவர் மனம் புண்பட்டிருந்தது.

அந்த வாரக் குழுமச் செய்தியில் அவள் சுற்றி வளைக்காமல் எழுதினாள். செம்பாறையில் இறந்துபோன ஒரு பெண்ணுக்காகக் கதவு காத்திருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள் என்று. குழுமம் குழுமமாகத்தான் நடந்துகொண்டது. பொழுது சாய்வதற்குள் கதவில்லாத காய்ச்சல் பாடங்கள் வந்து குவிந்தன. ஆனால் அரசு முத்திரை இல்லாத பாடத்தை முடித்தால் எண் வராது. மறுநாள் பாடத்தைப் பகிர்வதே குற்றமாயிற்று. அந்தக் கணக்கு ஆசிரியரை முதலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

குழுமச் செய்தியைத் துறை எடுத்துக்கொண்டது. அவளையே ஆசிரியராக வைத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்ற வரியை மேலே போட்டுக்கொடுத்தது. அவள் வேலையை உதறியிருக்கலாம். உதறினால் கண்காணிப்புத் திரை போய்விடும். அந்தத் திரையில்தான் ஒவ்வொரு கற்பவரும் ஒரு சின்னப் பொம்மையாகத் தெரிவார்கள். செம்பாறைக் கதவு முன்னால் பொற்கொடியின் பொம்மை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே, எழுதச் சொன்னதையெல்லாம் அவள் எழுதினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் பொற்கொடியின் கைபேசியை அவள் கணவன் எடுத்தான். "இனிமே அவ பேசமாட்டா, மதினி" என்றான். பிறகு, "சின்னவளுக்கும் உடம்பு கொதிக்குது" என்றான்.

திரையில் பொற்கொடி அப்போதும் கதவு முன்னால் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். தையல்நாயகி மேசையில் தலையை வைத்து அழுதாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

காய்ச்சல் மற்ற ஊர்களுக்கும் பரவியிருந்த நிலையில்தான் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தலும் கோவையில்தான். முதலில் அரசரின் வாழ்த்துரை, பிறகு மூன்றாவது கதவு, அதன் பிறகு வாக்குக் கட்டம். நாட்டில் பெயர் உள்ள எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் வாக்குப் பதிவு தொடங்கும். சமத்துவம் என்றால் சமத்துவம்.

தையல்நாயகி இதை இரண்டு முறை படித்தாள். வசமாக மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். செத்தவர்கள் வரமாட்டார்கள். கதவு திறக்காது. தேர்தல் நடக்கவேண்டுமானால் அவர்களின் பெயர்களை எடுத்தாகவேண்டும். எடுத்தால் செம்பாறைக் கதவும் திறந்துவிடும், எண் வரும், பெட்டி திறக்கும், பொற்கொடியின் சின்ன மகள் பிழைப்பாள். அரசரே தன் கையால் கதவைத் திறக்கப்போகிறார் என்று நம்பினாள். நம்புவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

வாக்குப் பதிவன்று துறை முழுவதும் பெரிய திரையின் முன்னால் கூடியிருந்தது. வாழ்த்துரை முடிந்தது. நாட்டிலேயே முதலில் முழுதாக வந்து சேர்ந்த ஊர் செம்பாறை. பச்சைப் பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன. வரிசையின் முன்னால் சிவகாமு. அவள் பின்னால், கலைந்த கூந்தலை ஒதுக்கிக்கொள்ளக்கூட நேரமில்லாதவள்போல, பொற்கொடி. எல்லா ஊர்களிலிருந்தும் காய்ச்சலில் போனவர்கள், உயிரோடு இருப்பவர்களுக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். மற்றவர்களும் வந்து சேர்ந்ததும் கதவு திறந்தது. அவர்கள் எல்லோரும் அரசரின் பெயர் போட்ட ஒரே வாக்குப் பெட்டிக்கு நடந்தார்கள். அறையில் கைதட்டல் எழுந்தது.

தையல்நாயகி தன் திரையில் காய்ச்சல் பாடத்தைத் திறந்து பார்த்தாள். சிவகாமு, இன்னும் வரவில்லை. அவள் எழுந்து மணவாளரிடம் போனாள்.

"ஐயா, இப்ப ஓட்டுப் போட்ட சிவகாமுவைப் பாடத்துக்கும் ஒரு தடவை வரச் சொல்லுங்க. அங்க இன்னும் உயிரோட சில பேரு இருக்காங்க."

மணவாளர் லட்டுத் தட்டைக் கீழே வைத்தார். அவள் கேட்டதை நிதானமாக யோசித்தார். அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

"ஓட்டுப் போட வர்றவங்களைக் கூட்டிட்டு வர்றது எங்க பொறுப்பும்மா" என்றார். "படிக்க அவங்கவங்கதான் வரணும்."